கல்யாணத்துக்கும் சாமந்தி... சாவுக்கும் சாமந்தி! டி.ஹெச்.லாரன்ஸ் சிறுகதையில் ஒரு பூ செய்யும் வேலை

சுரங்கத்தில் இறந்துபோன கணவனின் உடலை ஸ்ட்ரெச்சரில் வைத்து வீட்டுக்குள் தூக்கி வருகிறார்கள். அறையோ சின்னது. உள்ளே திரும்பும்போது தூக்கி வந்தவர்களில் ஒருவர் தெரியாமல் தட்டிவிட, பூச்சாடி ஒன்று விழுந்து உடைகிறது. சாமந்திப் பூக்கள் தரையில் கிடக்கின்றன. சாடியில் இருந்த தண்ணீர் பரவுகிறது.

அந்த வீட்டுப் பெண் அப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவும் இல்லை. அறைக்குள் நுழைய வழி கிடைத்ததும் உடைந்த சாடியையும் பூக்களையும் பொறுக்கி எடுக்கிறாள். வந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஒரு துணியை எடுத்துத் தரையில் இருந்த தண்ணீரைத் துடைக்கிறாள். ஆண்கள் பேசாமல் நிற்கிறார்கள்.

ஆங்கிலச் சிறுகதைகளில் மிக அதிகமாகப் பாடமாக வைக்கப்பட்ட கதைகளில் ஒன்றான 'ஓடர் ஆஃப் கிரிசாந்திமம்ஸ்' கதையில் வரும் காட்சி இது. எழுதியவர் டி.ஹெச்.லாரன்ஸ். 1911 ஜூன் மாதம் லண்டனில் இருந்து வெளிவந்த 'இங்கிலீஷ் ரிவ்யூ' இதழில் அச்சானது. தலைப்பைத் தமிழில் 'சாமந்திப் பூக்களின் வாசம்' என்று சொல்லலாம். அந்த 'வாசம்' என்ற சொல் சரிதானா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

கல்லூரி நோட்ஸ்களில் இந்தக் கதைக்கு ஒரே வரியில் விளக்கம் இருக்கும்: சாமந்தி என்றால் மரணத்தின் குறியீடு. இரண்டு மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால், அந்தப் பெண் ஏன் முதலில் தரையைத் துடைத்தாள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

சாயங்காலம் நாலரை மணி

கதை நடப்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் நிலக்கரிப் பகுதியில். பிரின்ஸ்லி சுரங்கத்துக்குப் பக்கத்தில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தாழ்ந்த வீடு. திராட்சைக் கொடி கூரையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. இலையுதிர் காலம். சீக்கிரமே இருட்டிவிடும். வேலை முடிந்து சுரங்கத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். எலிசபெத் பேட்ஸின் கணவன் வால்ட்டர் மட்டும் வரவில்லை.

எலிசபெத்துக்கு இரண்டு குழந்தைகள். பையன் ஜானுக்கு 5 வயது. பெண் ஆனி பள்ளிக்கூடம் போகிறவள். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கிறது. வால்ட்டர் சம்பளத்தில் பெரும்பகுதியை மதுக்கடையில் கரைப்பவன். வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவன் குடிக்கப் போகவேண்டும். இன்றும் அப்படித்தான் நழுவிப் போயிருப்பான் என்று நினைத்து அவள் கொதிக்கிறாள். ரயில் இன்ஜின் ஓட்டுநரான அவளுடைய அப்பா வழியில் வண்டியை நிறுத்தி, மகள் கொண்டுவந்து கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, மாப்பிள்ளை மதுக்கடையில் காசைக் காட்டிப் பெருமையடித்த கதையையும் சொல்லிவிட்டுப் போகிறார். மனைவி இறந்து அதிக நாளாகாத அவர் மறுகல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அந்தச் சங்கடமும் அந்த டீ கோப்பைக்கு நடுவில் இருக்கிறது.

பூ முதலில் வருவது இதற்கும் முன்னால். தோட்டத்துப் பாதையோரம் இளஞ்சிவப்புச் சாமந்தி. லாரன்ஸ் அதை அழகாக வர்ணிக்கவே இல்லை. கலைந்து, வெளிறி, காலம் முடியப்போகிற பூக்கள். நடந்து வரும்போதே ஜான் இதழ்களைப் பிய்த்துப் பாதையில் போட்டுக்கொண்டே வருகிறான். பார்க்கவே நன்றாக இல்லை, பிய்க்காதே என்று அம்மா அதட்டுகிறாள். அதட்டியவள் அடுத்த நிமிடம் என்ன செய்கிறாள்? தானே ஒரு சின்னக் கிளையை ஒடித்து, அதில் இருந்த மூன்று நான்கு வாடிய பூக்களை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள். வீட்டு முற்றத்துக்கு வந்ததும் கை ஒரு கணம் தயங்குகிறது. கீழே போடாமல், ஏப்ரனின் இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்கிறாள்.

அந்தத் தயக்கத்தை வேகமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாத இடம் அது. பூவை வெறுக்கும் பெண் அதை முகத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். விரும்பும் பெண்ணுக்குக் கை தயங்காது.

"அம்மா பூ வெச்சிருக்காங்க!"

நேரம் போகிறது. குழந்தைகள் அப்பாவுக்காகக் காத்திருந்து, பிறகு சாப்பிட உட்கார்கிறார்கள். வீட்டுக்குள் இருட்டு. விளக்கை ஏற்ற எலிசபெத் கையை உயர்த்தும்போது ஆனி திடீரென்று கத்துகிறாள். வீடு தீப்பற்றிக்கொண்டதோ என்று அம்மா பதறிப்போகிறாள். விஷயம் அதுவல்ல. அம்மாவின் ஏப்ரனில் பூ இருப்பதை மகள் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான்.

அம்மா பூ வைத்துக்கொள்வது அந்தக் குழந்தைக்கு அத்தனை பெரிய ஆச்சரியம். இந்த ஒரு கத்தலில் அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்பது முழுக்கத் தெரிந்துவிடுகிறது. விளக்கு வெளிச்சத்தில் எலிசபெத்தின் வயிறு மேடிட்டிருப்பதும் அப்போதுதான் வாசகர்களுக்குச் சொல்லப்படுகிறது. பூவும் கர்ப்பமும் ஒரே வெளிச்சத்தில் தெரிகின்றன.

அம்மா எரிச்சலோடு பூவை எடுத்துவிடுகிறாள். மகள் விடவில்லை. திரும்பச் செருகப் பார்க்கிறாள். முடியாமல் போகவே, பூவைத் தன் உதட்டருகே வைத்து முகர்ந்து, என்ன ஒரு மணம் என்று மயங்குகிறாள். எலிசபெத் சிரிக்கிறாள். மகிழ்ச்சியான சிரிப்பு அல்ல அது. தனக்கு அப்படி இல்லை என்கிறாள். வால்ட்டரைக் கைப்பிடித்தபோது சாமந்தி, ஆனி பிறந்தபோது சாமந்தி, முதன்முதலாக அவனைக் குடிபோதையில் வீட்டுக்குத் தூக்கி வந்தபோதும் அவன் சட்டைப் பொத்தான் துளையில் பழுப்புச் சாமந்தி. இப்படி ஒரு கணக்கை மகளிடம் ஒப்பிக்கிறாள்.

கதையின் மையம் இந்தக் கணக்குதான். ஒரு கல்யாண வாழ்க்கை முழுவதையும் மூன்று சாமந்திகளில் சொல்லி முடித்துவிடுகிறாள். நான்காவது சாமந்தி அன்றிரவே வரப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

ஒன்றை மறக்க வேண்டாம். இங்கே பூவுக்குப் பொருள் கொடுப்பது எழுத்தாளர் அல்ல, எலிசபெத். அவளுடைய கல்யாணம் நடந்த பருவத்தில் கிடைத்த பூ அது. பிரசவம் நடந்த பருவத்தில் கிடைத்த பூவும் அதுவே. இலையுதிர் காலத்தில் அந்த ஊர்த் தோட்டங்களில் வேறென்ன பூக்கும்? தன் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் அந்தப் பூவின் மேல் ஏற்றி வைத்திருக்கிறாள். அதே பூ ஆனிக்கு வெறும் நல்ல மணம். ஜானுக்குப் பிய்த்துப் போட ஒரு பொருள். ஒரே வீட்டில், ஒரே செடியில், மூன்று பேருக்கு மூன்று பூ.

மணமா, நாற்றமா?

தலைப்புக்கு வருவோம். ஆங்கிலத்தில் நல்ல மணத்துக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. லாரன்ஸ் அவற்றைத் தொடவில்லை. அவர் எடுத்துக்கொண்ட 'ஓடர்' என்ற சொல் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவாக, கொஞ்சம் கெட்டதன் பக்கம் சாய்ந்து நிற்கும். மருந்து வாடை, அடைத்துக்கிடந்த அறையின் வாடை என்று சொல்லுமிடத்திலும் அந்தச் சொல் வரும்.

தமிழில் மொழிபெயர்க்க உட்காருபவர்களுக்கு இது நல்ல சோதனை. 'நறுமணம்' என்றால் ஆனியின் பக்கம் சேர்ந்துவிடுவோம். 'வாடை' என்றால் எலிசபெத்தின் பக்கம். 'வாசம்' நடுவில் நிற்கப் பார்க்கிறது, ஆனாலும் இனிப்புத்தான் அதிகம். உண்மையில் இந்தத் தலைப்புக்குப் பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறது: நாற்றம். பழைய தமிழில் அது நறுமணத்தைக் குறித்த சொல். இன்றைக்கு யாராவது 'பூ நாற்றம்' என்றால் முகத்தைச் சுளிப்போம். நறுமணமாக இருந்தது காலப்போக்கில் நாற்றமாகிவிட்ட கதை ஒரே சொல்லுக்குள் நடந்திருக்கிறது. எலிசபெத்தின் கல்யாணத்திலும் அதுதான் நடந்தது. ஆனால், எந்தப் பதிப்பாளரும் இந்தத் தலைப்போடு புத்தகம் போட ஒப்புக்கொள்ள மாட்டார்!

இரவு நீளும்போது பூக்கும் செடி

லாரன்ஸ் ஏன் சாமந்தியைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குத் தாவரவியலிலேயே பாதி விடை இருக்கிறது. சாமந்தி 'குறும்பகல்' தாவரம். பகல் பொழுது குறைந்து, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். அதனால்தான் பூ வியாபாரத்துக்காக வளர்ப்பவர்கள் இரவில் மின்விளக்கு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். கறுப்புத் துணியால் மூடிச் சீக்கிரம் பூக்கவைப்பதும் உண்டு. நாலரை மணிக்கு இருட்டத் தொடங்கி, ஒவ்வொரு மணி நேரமாக இரவுக்குள் போகும் இந்தக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பூ கிடைக்காது.

சீனாவில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டு, 18-ம் நூற்றாண்டின் கடைசியில்தான் தோட்டச் சாமந்தி ஐரோப்பாவில் வேர்விட்டது. ஜப்பானில் அது அரச குடும்பத்தின் சின்னம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் நிலைமை தலைகீழ். நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாள்களில் கல்லறைகளில் வைப்பது சாமந்தியைத்தான். அங்கே யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போகும்போது சாமந்திக்கொத்து வாங்கிக்கொண்டு போனால் அபசகுனமாகப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் அந்த அளவுக்குக் கட்டுப்பாடு கிடையாது. அங்கே அது தொழிலாளர்கள் தங்கள் சின்னத் தோட்டங்களில் போட்டி போட்டு வளர்த்த வீட்டுப் பூ. நம் ஊர் சாமந்தியைப் போலத்தான். ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டுவதும் அதை, இறுதி ஊர்வல மாலையில் கோப்பதும் அதை. அதனால், 'சாமந்தி என்றால் மரணம்' என்ற ஒற்றை வரியைவிட எலிசபெத்தின் கணக்கு தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

சாடியும் சட்டையும்

குழந்தைகள் தூங்கிய பிறகு எலிசபெத்தின் கோபத்தில் பயம் கலக்க ஆரம்பிக்கிறது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறாள். மதுக்கடைக்குள் போய்த் தேடவும் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. கணவனோடு வேலை பார்க்கும் ரிக்லியின் வீட்டுக்குப் போகிறாள். ரிக்லிக்கும் உள்ளூர உறுத்தல். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருவதாக வால்ட்டர் சொன்னதாகவும், மற்றவர்கள் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியதாகவும் சொல்கிறார். அவள் வீட்டுக்கு வந்து காத்திருக்கும்போது சுரங்கத்தின் இயந்திரம் திடீரென்று வேகமாக இயங்கும் சத்தம் கேட்கிறது. இரவுப் பணிக்கு மேற்பார்வையாளர் கீழே இறங்குகிறார் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிச் சமாதானம் ஆகிறாள்.

பிறகு மாமியார் வருகிறாள், கறுப்பு உடையில். பையனுக்கு விபத்து என்கிறாள். அந்த நொடியில் எலிசபெத்தின் மனதில் ஓடுவதை லாரன்ஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். அவன் செத்துவிட்டால் கிடைக்கும் சிறு உதவித் தொகையில் குடும்பம் ஓடுமா, தான் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று வேகமாகக் கணக்குப் போடுகிறாள். காயம் மட்டும்தான் என்றால் படுக்கையில் வைத்துப் பார்க்க வேண்டுமே, ஆனால் அந்தச் சாக்கில் குடியை நிறுத்தவைக்கலாம் என்றும் யோசிக்கிறாள். இதைக் கல்நெஞ்சம் என்று சொல்பவர்கள் உண்டு. 5 வயதில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, சுரங்க வேலையைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஊரில் இருக்கும் பெண் வேறெதை யோசிப்பாள்? தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இங்கிலாந்தில் வந்ததே 1897-ல்தான். அதற்கு முன்னால் என்றால் அந்தக் கணக்குப் போடக்கூட வழி இருந்திருக்காது.

செய்தி உறுதியாகிறது. பாறை சரிந்து வால்ட்டரின் பின்னால் வழியை அடைத்துவிட்டது. உடலில் பெரிய காயம் இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சுமுட்டி இறந்திருக்கிறான். அவனை எங்கே கிடத்துவது என்று பார்க்க, மெழுகுவத்தியோடு எலிசபெத் முன் அறைக்குப் போகிறாள். நெருப்பு மூட்டாத, யாரும் புழங்காத அறை. இரண்டு சாடிகளில் அதே இளஞ்சிவப்புச் சாமந்தி. அறை முழுக்கக் குளிர்ந்த, சாவு வாடை. பூக்களைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு திரும்பி, சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஓர் ஆளைக் கிடத்த இடம் போதுமா என்று அளவு பார்க்கிறாள். கம்பளம் பாழாகாமல் இருக்கப் பழைய சிவப்பு மேஜைவிரிப்பை விரிக்கிறாள். சுத்தமான சட்டை ஒன்றை எடுத்து, ஈரவாடை போக நெருப்பருகே காயவைக்கிறாள்.

அன்று மாலைதான் அவள் குழந்தைகளிடம், அப்பாவை யாராவது கட்டைபோலத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தரையிலேயே கிடக்கட்டும் என்று கோபமாகச் சொல்லியிருந்தாள். அது அப்படியே பலிக்கிறது. கதையில் இதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. எலிசபெத்தும் நினைத்துப் பார்ப்பதாக எழுதப்படவில்லை. படிக்கிறவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அதன்பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வருகிறது. சாடி உடைகிறது.

மரணத்தின் குறியீடுதான் சாமந்தி என்றால், உடல் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பூ கதையை நிறைத்திருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. உடைந்த சாடியையும் பூக்களையும் அவள் பொறுக்கி எடுத்ததோடு சாமந்தியின் பேச்சே கதையில் நின்றுவிடுகிறது. அடுத்து வரும் பக்கங்களில் கணவனின் உடலைக் கழுவும்போது பூவும் இல்லை, அதன் வாசமும் இல்லை. வெந்நீர், சோப்பு, துண்டு, சட்டை. அவ்வளவுதான்.

கல்யாணச் சாமந்தி, பிரசவச் சாமந்தி, போதைச் சாமந்தி என்று அவள் இத்தனை நாள் வைத்திருந்த கணக்கு அந்தச் சாடியோடு உடைந்துவிட்டது. தன் கணவனைப் பற்றி அவள் வைத்திருந்த கதைதான் அந்தப் பூ. இப்போது கதை இல்லாமல் ஆள் மட்டும் தரையில் கிடக்கிறான். தரையைத் துடைத்தது கல்நெஞ்சத்தால் அல்ல. அவனைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குச் செய்ய இருந்த கடைசி வீட்டு வேலை அதுதான்.

மாமியாரும் மருமகளும்

உடலைக் கழுவும் காட்சிதான் கதையின் உச்சம். மாமியார் அழுதுகொண்டே, சின்ன வயதில் அவன் எப்படிச் சிரித்துக்கொண்டே இருப்பான் என்று சொல்கிறாள். அவளுக்கு மகன் திரும்பக் கிடைத்துவிட்டான். மனைவிக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத்தின் சூட்டில் இறந்ததால் உடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. கையை வைக்கிறாள். கன்னத்தை வைத்துப் பார்க்கிறாள். ஒட்டவில்லை. இவ்வளவு நாளாக ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருந்தும் இந்த மனிதனைத் தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைக்கிறது. தன் மனதில் தானே உருவாக்கிய ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததாகவும், உண்மையான வால்ட்டர் எங்கோ தனியாக இருந்ததாகவும் உணர்கிறாள். அவனும் கஷ்டப்பட்டிருப்பான் என்று முதல் தடவையாக நினைக்கிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தை பனிக்கட்டியைப் போல் கனக்கிறது.

குடிகாரக் கணவன், பொறுமைசாலி மனைவி என்று எளிதாக முடிந்திருக்க வேண்டிய கதை இது. குற்றத்தில் பாதியை அவளே எடுத்துக்கொள்வதால்தான் நூறு ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. ஆனாலும், சில வாசகர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்த இடத்தில் ஒரு நியாயமான கோபம் வரும். சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவன் அவன். இவள் ஏன் வெட்கப்பட வேண்டும்? லாரன்ஸிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. அவரே இந்த முடிவைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்தான்.

ஐந்து வருடம், பல முடிவுகள்

லாரன்ஸ் 1885-ல் பிரின்ஸ்லிக்குப் பக்கத்திலுள்ள ஈஸ்ட்வுட்டில் பிறந்தவர். அப்பா ஆர்தர் சுரங்கத் தொழிலாளி. குடிப்பழக்கம் உண்டு. அம்மா லிடியா படிப்பில் ஆசை கொண்டவர். கணவனின் வாழ்க்கைமுறையோடு கடைசிவரை ஒத்துப்போகாதவர். அப்பாவின் சகோதரர் ஜேம்ஸ், லாரன்ஸ் பிறப்பதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பே, 1880-ல் பிரின்ஸ்லி சுரங்கத்தில் விபத்தில் இறந்துபோனார். குடும்பத்தில் சொல்லிச் சொல்லிக் கேட்ட அந்தச் சாவும், வீட்டில் கண்ணால் பார்த்த அந்தக் கல்யாணமும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. அப்போது இங்கிலாந்துச் சுரங்கங்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். வெடிவிபத்துகள்தான் செய்தித்தாளில் வரும். உண்மையில் அதிகம் பேரைக் கொன்றது, வால்ட்டரைப்போல ஒவ்வொருவராகப் பலி வாங்கிய பாறைச் சரிவுகள்.

1909-ல் முதல் பிரதியை எழுதும்போது அவருக்கு 24 வயது. லண்டனுக்குப் பக்கத்தில் குரோய்டனில் பள்ளி ஆசிரியர். 'இங்கிலீஷ் ரிவ்யூ' ஆசிரியர் ஃபோர்டு மேடாக்ஸ் ஹ்யூஃபர், முதல் பத்தியைப் படித்ததுமே கதையைத் தேர்வானவற்றின் கூடையில் போட்டுவிட்டதாகப் பிற்காலத்தில் எழுதினார். சுரங்க ஊரை உள்ளே இருந்து எழுதும் ஆள் கிடைத்துவிட்டான் என்ற உற்சாகம். ஆனால், கதை அச்சாக இரண்டு வருடம் ஆனது. அடுத்து வந்த ஆசிரியர் ஆஸ்டின் ஹாரிசன் நீளத்தைக் குறைக்கச் சொன்னார். குழந்தைகள் விளையாடும் நீண்ட பகுதிகள் வெட்டப்பட்டன. முடிவும் மாறியது.

1911-ல் இதழில் வந்த முடிவில், எலிசபெத் தாய் மனதோடு கணவனை ஏற்றுக்கொள்கிறாள். குடியும் சண்டையும் கழுவப்பட்டு, மரணம் அவனை அழகானவனாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்கிற மாதிரியான ஆறுதல் அதில் இருந்தது. 1914-ல் 'தி பிரஷியன் ஆபீசர்' தொகுப்பில் சேர்க்கும்போது அந்த ஆறுதலை லாரன்ஸ் பிடுங்கிவிட்டார். இரண்டு மனிதர்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை மரணம் குறைப்பதில்லை, காட்டிக்கொடுக்க மட்டுமே செய்கிறது என்கிற இடத்துக்குக் கதையைக் கொண்டுபோனார். அந்த இடைவெளியில் அவருடைய வாழ்க்கையிலும் நிறைய நடந்திருந்தது. 1910 டிசம்பரில் அம்மா இறந்தார். அம்மாவின் கண் வழியாகவே அப்பாவைப் பார்த்துப் பழகிய மகன், 'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' நாவலை 1913-ல் வெளியிட்டிருந்தார். 1914-லேயே அவர் ஃபிரீடாவைக் கல்யாணமும் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்துக்கும் எலிசபெத்தின் கடைசி எண்ணங்களுக்கும் முடிச்சுப் போடும் ஆய்வாளர்கள் உண்டு. அதை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவு இவ்வளவு மாறியும் மகளிடம் சொன்ன கணக்கு கதையை விட்டுப் போகவில்லை.

கலிஃபோர்னியாவில் அதே பூ

1937-ல் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'தி கிரிசாந்திமம்ஸ்' வந்தது. அங்கேயும் ஒரு சுரங்கம் இருக்கிறதோ என்று நினைக்க வேண்டாம், அது பண்ணை. எலிசா என்ற 35 வயதுப் பெண், யாரும் மதிக்காத தன் திறமை முழுவதையும் சாமந்தி வளர்ப்பதில் கொட்டுகிறாள். பாத்திரம் பழுதுபார்க்க வந்த ஒருவன் அந்தப் பூக்களைப் பாராட்ட, நெகிழ்ந்துபோய் நாற்றுகளை ஒரு சிவப்புத் தொட்டியில் வைத்துக் கொடுக்கிறாள். சாயங்காலம் கணவனோடு வண்டியில் போகும்போது சாலையில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. நாற்றையும் மண்ணையும் கொட்டிவிட்டான். தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே பூவை வைத்து இரண்டு பேர் எவ்வளவு வேறு வேறு வீடுகளுக்குள் போகிறார்கள் என்பது தெரியும்.

லாரன்ஸின் கதை காப்புரிமைக் காலம் முடிந்தது. 'புராஜெக்ட் குட்டன்பெர்க்' தளத்தில், 'தி பிரஷியன் ஆபீசர்' தொகுப்பில் கடைசிக் கதையாக இலவசமாகவே கிடைக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயர் வட்டார வழக்கில் பேசும் உரையாடல்கள் முதல் சில பக்கங்களில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனி கத்தும் இடம்வரை பொறுமையாகப் போய்விட்டால், பிறகு மொபைலைக் கீழே வைக்க முடியாது.